கோல்டு உறுப்பினருக்குக் காலை உணவு உண்டா?

ஓட்டல் வரவேற்பு மேசையில் பல ஆண்டுகள் நின்றவன் என்ற முறையில் சொல்கிறேன்: அறை சரியில்லை என்று எழும் சண்டையைவிட, இலவசக் காலை உணவு கிடைக்கவில்லை என்று எழும் சண்டைதான் நெடுநேரம் நீடிக்கும். அறையை மாற்றிக் கொடுத்துவிடலாம். தனக்கு உரிமை உண்டு என்று நம்பி வந்தவரிடம், அந்த உரிமை இந்த ஓட்டலில் இல்லை என்று சொல்லிப் புரியவைப்பது அவ்வளவு எளிதன்று. தொகை பெரும்பாலும் சிறியதுதான். ஆனால் பிள்ளைகளோடு தட்டை ஏந்தி நிற்கும்போது, ‘சார், உங்கள் அறைக்கு இது சேராது’ என்று கேட்க நேர்வது சிறிய விஷயமன்று.

பெரிய ஓட்டல் குழுமங்கள் அடிக்கடி தங்குவோருக்கென உறுப்பினர் திட்டம் நடத்துகின்றன. தங்கத் தங்கப் புள்ளிகள் ஏறும், இரவுகளின் எண்ணிக்கையைப் பொறுத்து கோல்டு, பிளாட்டினம் என்று ‘எலைட்’ நிலையும் உயரும். குழப்பம் அந்த நிலைகளின் பெயரிலேயே தொடங்குகிறது. ஹில்டன் ஆனர்ஸ் திட்டத்தில் கோல்டு உறுப்பினருக்குக் காலை உணவுச் சலுகை உண்டு. மேரியட் குழுமத்தின் பான்வாய் திட்டத்தில் ஆண்டுக்கு 25 இரவு தங்கி கோல்டு நிலையை எட்டியவருக்கு அது கிடையாது. 50 இரவு தங்கி பிளாட்டினம் ஆனால்தான் பேச்சே தொடங்கும். ஹயாத்திலோ 60 இரவு தங்கி ‘குளோபலிஸ்ட்’ என்ற உயர்நிலையை எட்டியவருக்குத்தான். இந்தியாவில் எச்.டி.எஃப்.சி. வங்கியின் மேரியட் பான்வாய் கிரெடிட் கார்டு வைத்திருப்போருக்கு சில்வர் எலைட் நிலை தானாகவே வந்துவிடும். அதில் ‘எலைட்’ என்ற சொல் இருப்பதால் காலை உணவும் உண்டு என்று எண்ணி வந்தவர்களை நானே பலமுறை சமாதானப்படுத்தியிருக்கிறேன்.

நிலை சரியாக இருந்தாலும் எந்தப் பெயர்ப்பலகையின் கீழ் தங்குகிறோம் என்பது அடுத்த கேள்வி. மேரியட் குழுமத்தின் மிக உயர்ந்த பெயர்களில் ஒன்றான ரிட்ஸ்-கார்ல்டனில் பிளாட்டினம் உறுப்பினருக்கு இலவசக் காலை உணவு கிடையாது. கூடுதல் விலை கொடுக்கும் இடத்தில் சலுகை குறைவது விருந்தினருக்கு நியாயமாகப் படாது. எனக்கும் படுவதில்லை, ஆனால் விதி அப்படித்தான் எழுதப்பட்டிருக்கிறது. அதே குழுமத்தின் செயின்ட் ரெஜிஸ், டபிள்யூ போன்றவற்றில் காலை உணவு என்பது வரவேற்புப் பரிசாகத் தரப்படும் தெரிவுகளுள் ஒன்று. அதற்குப் பதிலாகப் புள்ளிகளைத் தேர்ந்தெடுத்தால் உணவு போய்விடும். கைப்பேசிச் செயலியில் அவசரமாக விரல் வைத்துப் புள்ளிகளைத் தேர்ந்துவிட்டு, மறுநாள் காலையில் உணவகத்தில் வந்து நிற்பவர்களை வாரந்தோறும் பார்க்கலாம்.

மூன்றாவதாக, காலை உணவு என்றால் எது என்பதிலேயே தகராறு. ஹில்டனின் விதியில் அமெரிக்காவுக்கு வெளியே உறுதி செய்யப்படுவது ‘கான்டினென்டல்’ காலை உணவு, அதாவது ரொட்டி, பழம், காபி அளவில். அதுவும் உறுப்பினருக்கும் அதே அறையில் பதிவான இன்னொருவருக்கும் மட்டும். ஆசிய நாடுகளில் பல ஓட்டல்கள் தோசைக் கல், முட்டைக் கவுன்ட்டர் உட்பட முழு பஃபேயையும் திறந்துவிடுவதால், விருந்தினர் அந்த வழக்கத்தையே விதி என்று கொண்டுவிடுகிறார். வேறோர் ஊரில் ஓட்டல்காரர் ஒருவர் விதிப்படி நடந்தால் விருந்தினர் கண்ணில் அவர் ஏமாற்றுக்காரர் ஆகிவிடுகிறார். அமெரிக்காவில் 2021 ஜூலை முதல் ஹில்டன் பெரும்பாலான முழுச்சேவை ஓட்டல்களில் உணவை நிறுத்திவிட்டு, நாள்தோறும் ஒரு தொகையை உணவு, பானச் செலவுக்கு வரவு வைக்கத் தொடங்கியது. அந்தத் தொகை பல நகரங்களில் உணவக விலைக்கு எட்டாது. ஹயாத்தின் விதி இவ்வளவு சிக்கலில்லை: லவுஞ்ச், அதாவது உயர்நிலை உறுப்பினருக்கான தனிக் கூடம், இல்லாத ஓட்டலில் அறையில் தங்கும் இரண்டு பெரியவர்களுக்கும் இரண்டு குழந்தைகளுக்கும் முழு உணவு, வரியும் சேவைக் கட்டணமும் உட்பட. எழுத்தில் இவ்வளவு தெளிவு இருந்தால் மேசையில் சண்டை குறைகிறது என்பது என் அனுபவம்.

நான் பணிபுரிந்த ஓர் ஓட்டலில் பிளாட்டினம் உறுப்பினர் ஒருவர் பெற்றோருக்கும் சேர்த்து இரண்டு அறை எடுத்திருந்தார். இரண்டு அறைக்கும் புள்ளி ஏறியது. உணவு அவர் அறைக்கு மட்டுமே. புள்ளி ஏறும் அறையெல்லாம் சலுகைக்குரிய அறை என்று அவர் நினைத்ததில் தவறில்லை. பதிவு செய்யும்போதே அந்த வேறுபாட்டைச் சொல்லாமல், மூன்றாம் நாள் பில்லில் சேர்த்தது எங்கள் தவறு. மேலாளர் அந்தத் தொகையை நீக்கச் சொன்னார்.

ஓட்டல்கள் ஏன் இவ்வளவு கறாராக இருக்கின்றன என்பதையும் சொல்ல வேண்டும். இந்தப் பெரும் பெயர்களுள் பெரும்பாலானவை கட்டடத்துக்குச் சொந்தக்காரர் அல்ல. ஒப்பந்தத்தின் பேரில் பெயரையோ நிர்வாகத்தையோ தருபவை. சலுகையை அறிவிப்பது தலைமை நிறுவனம், அதன் செலவைச் சுமப்பது பெரும்பாலும் உள்ளூர் உரிமையாளர். விழாக்காலத்தில் அறைகளில் பாதி பிளாட்டினம் உறுப்பினர்களாக இருந்தால், சமையலறைச் செலவைப் பார்த்து அவர் விதியின் ஒவ்வொரு சொல்லையும் தேடத்தான் செய்வார்.

ஆகவே பதிவு செய்வதற்கு முன்பே மின்னஞ்சலில் கேளுங்கள்: எத்தனை பேருக்கு, பஃபேயா கான்டினென்டலா, உணவகத்திலா லவுஞ்சிலா, குழந்தைக்கு எந்த வயதுவரை. பதிலை அழிக்காமல் வைத்திருங்கள். வெளி இணையதளங்கள் வழியாகப் பதிவு செய்தால் எலைட் சலுகைகளை மறுக்க ஓட்டலுக்கு விதி இடம் தருகிறது. சில நூறு ரூபாய் தள்ளுபடிக்காக இதை இழப்பவர்கள் அதிகம். இன்னொரு தவறு, சலுகை இருந்தும் ‘காலை உணவு உட்பட’ என்ற கூடுதல் கட்டணத்தைத் தேர்ந்துவிடுவது. வித்தியாசத்தை ஓட்டல் பெரும்பாலும் திருப்பித் தராது.

தகராறு வந்தால் உணவகத்தில் பரிமாறுபவரிடம் வாதாடிப் பயனில்லை. அவரிடம் இருப்பது அறை எண்களின் பட்டியல் மட்டுமே. டியூட்டி மேனேஜரைக் கேளுங்கள், பிறகு திட்டத்தின் உறுப்பினர் சேவைக்கு எழுதுங்கள். எழுத்தில் உறுதி தந்துவிட்டு இந்தியாவிலுள்ள ஓர் ஓட்டல் மறுத்தால், 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண் இருக்கிறது. 2019ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, தாம் வசிக்கும் மாவட்டத்து நுகர்வோர் ஆணையத்திலேயே இரண்டு ஆண்டுகளுக்குள் புகார் கொடுக்கலாம். ஆனால் அறையைக் காலி செய்யும் காலையில் பில்லை வரிவரியாகப் பார்த்து, உணவு என்று தவறாக ஏறிய வரியைப் பணம் கட்டும் முன் நீக்கச் சொல்வதற்கு ஐந்து நிமிடம்கூட ஆகாது. வீடு திரும்பிய பின் அதே வரியை நீக்கப் பல வாரங்கள் ஆவதை நான் பார்த்திருக்கிறேன்.