முயலின் பசியைப் புழுக்கையில் படிப்பது எப்படி?

வீட்டு முயல் சரியாக உண்கிறதா என்பதைத் தீவனக் கிண்ணத்தை மட்டும் பார்த்து முடிவு செய்பவர்கள், நோயைப் பெரும்பாலும் தாமதமாகவே அறிகிறார்கள். வேட்டை விலங்குகளுக்கு இரையாகும் உயிரினம் என்பதால், வலியை வெளிக்காட்டாமல் ஒரு மூலையில் ஒடுங்கி அமர்வது முயலின் இயல்பு. அது மறைக்க முடியாத சாட்சி ஒன்றே ஒன்றுதான்: கூண்டின் அடித்தட்டில் விழும் புழுக்கை.

முயலின் குடல் எப்படி இயங்குகிறது என்று தெரிந்தால் இதன் காரணம் விளங்கும். மென்று விழுங்கிய புல் பெருங்குடலின் தொடக்கப் பகுதிக்கு வந்ததும் அங்கே இரண்டாகப் பிரிக்கப்படுகிறது. செரிக்காத பெரிய நார்த் துணுக்குகள் முன்னோக்கித் தள்ளப்பட்டு, உருண்டையான உலர்ந்த புழுக்கைகளாக வெளியேறுகின்றன. நுண்ணிய துகள்களும் நீரும் பின்னோக்கித் திரும்பி, குருட்டுக்குடல் என்னும் பெரிய பைக்குள் செல்கின்றன. அங்கே வாழும் நுண்ணுயிரிகள் அவற்றை நொதிக்கச் செய்து, புரதமும் பி வகை வைட்டமின்களும் நிறைந்த மென்மையான கொத்துகளாக மாற்றுகின்றன. கோழை பூசிய இந்த மென்புழுக்கையை முயல் தன் ஆசனவாயிலிருந்தே நேராக எடுத்து விழுங்கிவிடும். அருவருப்பாகத் தோன்றினாலும், இதைத் தடுத்தால் முயலுக்குக் கிடைக்க வேண்டிய ஊட்டத்தின் முக்கியப் பகுதி வீணாகிவிடும்.

இந்த ஏற்பாட்டில் நாரின் பங்கு விந்தையானது. அதிலிருந்து முயலுக்குக் கிடைக்கும் சத்து மிகக் குறைவு. ஆனால் குடலை அசைய வைப்பதே அதுதான். நார் வருவது நின்றால் குடல் அசைவு மந்தமாகிறது; உள்ளே இருப்பது நீரிழந்து இறுகுகிறது; வாயு உண்டாக்கும் பாக்டீரியாக்கள் பெருகி வயிறு உப்புகிறது. அந்த வலியால் முயல் மேலும் உண்ண மறுக்கிறது. முயலால் வாந்தி எடுக்கவும் இயலாது என்பதால், 12 மணி நேரம் எதுவும் உண்ணாத முயலை அவசர நோயாளியாகவே கருத வேண்டும். வயிற்றில் சேரும் முடி உருண்டையே இதற்குக் காரணம் என்று முன்பு நம்பினார்கள். குடல் மந்தமாவதால்தான் முடி தேங்கி இறுகுகிறது என்பதே இன்றைய புரிதல்.

ஆகவே முயலின் உணவில் பெரும்பகுதி உலர்ந்த புல்லாகவோ பசும்புல்லாகவோ இருக்க வேண்டும். அரைத்து அழுத்திச் செய்த குச்சித் தீவனம் நாளொன்றுக்கு உடல் எடையில் கிலோவுக்குச் சுமார் 25 கிராம் போதும். கேரட்டில் சர்க்கரை அதிகம். அது தினசரி உணவன்று. குதிரை மசால் என்னும் தீவனப் பயிரில் கால்சியமும் புரதமும் மிகுதி என்பதால் வளரும் குட்டிகளுக்கு ஏற்றது. ஆனால் வளர்ந்த முயல் தேவைக்கு மீறிய கால்சியத்தைச் சிறுநீரில் வெளியேற்றும்போது அது மணல்போலப் படியக்கூடும்.

ஆரோக்கியமான முயல் நாளொன்றுக்கு 200 முதல் 300 புழுக்கைகள் வரை இடும். அவை ஏறக்குறைய ஒரே அளவில் இருக்கும். விரலால் நசுக்கினால் மரத்தூள்போல உதிரும். சிறுத்துக் கறுத்திருந்தால் உணவு குறைந்துள்ளது என்று பொருள். முடியால் கோக்கப்பட்டு மணிமாலைபோல வந்தால், முடி உதிரும் காலத்தில் முயல் அதை அதிகம் விழுங்குகிறது என்று பொருள். புல்லைக் கூட்ட வேண்டும். மென்புழுக்கை தட்டில் உண்ணப்படாமல் கிடந்தால், பெரும்பாலும் மாவுச்சத்து மிகுந்த தீனியோ, குனிய முடியாத உடல் பருமனோ, மூட்டு வலியோ காரணமாக இருக்கும். வாரம் ஒருமுறை சமையலறை எடைக்கருவியில் எடை பார்த்து எழுதி வைப்பதும் உதவும்.

பசியின்மையும் உண்ண இயலாமையும் வேறு வேறு. எங்கள் முயல் ஒரு நாள் கொத்தமல்லித் தழையை ஆவலுடன் வாயில் வாங்கி, இரண்டு முறை மென்று, கீழே போட்டது. சற்று நேரத்தில் அதே தழையை மீண்டும் எடுத்து, மீண்டும் போட்டது. தாடையின் கீழே மயிர் ஈரமாக இருந்தது. முயலின் 28 பற்களும் வாழ்நாள் முழுவதும் வளர்பவை. புல்லை அரைப்பதால்தான் அவை தேய்கின்றன. அதன் கடைவாய்ப் பல் ஒன்று கூராக வளர்ந்து நாக்கைக் குத்தியிருந்ததை மருத்துவர் காட்டினார். மயக்க மருந்து கொடுத்து அந்தக் கூரைத் தேய்த்து, வலி மருந்து தந்து, அரைத்த புல் கூழைச் சிரிஞ்சில் ஊட்டச் சொன்னார். மறுநாள் விடியற்காலையில் தட்டில் ஏழு புழுக்கைகள் கிடந்தன, மிளகளவுதான். மாலைக்குள் புதிதாக விழுந்தவை கொண்டைக்கடலை அளவுக்குப் பெருத்திருந்தன.