ஒரு கிலோ பனிக்கு எட்டு லிட்டர் தண்ணீர்

ஜப்பானின் நீகாட்டா மாகாணத்தில் இருக்கிறது மினாமி உவோனுமா. 2004இல் முயிகாமாச்சி, யாமாட்டோ என்ற இரண்டு ஊர்களைச் சேர்த்து உருவாக்கி, மறு ஆண்டு ஷியோசாவாவையும் இணைத்துக்கொண்ட சின்ன நகரம். மக்கள்தொகை 50,000 சொச்சம். அரிசிக்குப் பெயர்போன ஊர். ஜப்பானில் 'உவோனுமா கோஷிஹிகாரி' என்றாலே விலை கூடிவிடும். கோடையில் இங்கே வருபவர்களுக்கு முதலில் கண்ணில் படுவது தெருக்களின் நிறம். தார்ச் சாலையைச் செம்மண் தண்ணீரால் கழுவிவிட்டதுபோல் பல தெருக்கள் துரு நிறத்தில் கிடக்கும். சாலை நடுவே நீளமாக ஒரு கான்கிரீட் பட்டை ஓடும். அதில் வரிசையாக உலோகக் குமிழ்கள் பதித்திருக்கும்.

அந்தக் குமிழ்கள் நாசில்கள். இந்த அமைப்பை ஜப்பானியர் 'ஷோசெட்சு பைப்' என்கிறார்கள். பனியை அழிக்கும் குழாய் என்று பொருள். பனி விழத் தொடங்கியதும் நிலத்தடி நீர் இந்த நாசில்கள் வழியாகச் சாலையில் பரவி, விழுகிற பனியை விழுந்த இடத்திலேயே கரைக்கிறது.

சைபீரியாவிலிருந்து வரும் குளிர்க்காற்று ஜப்பான் கடலைக் கடக்கும்போது வெதுவெதுப்பான நீரிலிருந்து ஈரத்தை அள்ளிக்கொள்கிறது. எச்சிகோ மலைகளில் மோதி மேலெழும்பும்போது அந்த ஈரத்தைப் பனியாகக் கொட்டிவிடுகிறது. ஊர் இந்த மலைகளின் காலடியில் இருப்பதால், ஆள் உயரத்துக்கு மேல் பனி கிடப்பது இங்கே சாதாரணம். ஆனால் இது கடுங்குளிர்ப் பிரதேசமல்ல. ஜனவரியில் வெப்பநிலை 0 டிகிரியை ஒட்டியே நிற்கும். பனியும் ஈரம் கோத்த, கனமான பனி. தண்ணீர் தெளித்துப் பனியைக் கரைக்கும் உத்தி பலிப்பது இதனால்தான். ஜப்பானின் வடகோடித் தீவான ஹொக்கைடோவின் உறைகுளிரில் இதையே செய்தால் விடிவதற்குள் சாலை கண்ணாடிபோல் உறைந்துவிடும். அதனால் அங்கே சாலைக்கு அடியில் சூடேற்றும் கம்பிகளையோ குழாய்களையோ பதிக்கிறார்கள்.

யோசனை பிறந்தது சற்று வடக்கே உள்ள நகாவோகா நகரில். நிலத்தடி நீர் கசிந்து ஓடிய இடத்தில் மட்டும் பனி தங்காததை இமாய் யோசாபுரோ என்பவர் கவனித்தார். அரிசி நொறுக்குத்தீனி நிறுவனம் ஒன்றைத் தொடங்கியவர் அவர். 1961இல் அந்நகரத் தெருவில் முதல் குழாய் பதிக்கப்பட்டது. 1963இல் பெரும்பனி கொட்டிப் போக்குவரத்தை முடக்கிப்போட்டபின், பனிப்பிரதேசம் முழுவதும் இதைத் தேடி வந்தது.

மண்ணில் சுமார் பத்து மீட்டருக்குக் கீழே கோடையும் குளிரும் எட்டுவதில்லை. அங்கே ஊறும் நீர், அந்த ஊரின் ஆண்டுச் சராசரி வெப்பநிலையை ஒட்டியே இருக்கும். இங்கே அது ஏறக்குறைய 13 டிகிரி. கை வைத்தால் சில்லென்று இருக்கும் நீர்தான், ஆனால் பனிக்கு அது வெந்நீர். ஒரு லிட்டர் தண்ணீர் ஒரு டிகிரி குளிர்ந்தால் ஒரு கிலோ கலோரி வெப்பத்தை விடும். ஒரு கிலோ பனிக்கட்டி உருக 80 கிலோ கலோரி வேண்டும். 13 டிகிரியில் வெளிவந்து 3 டிகிரியில் வடிகாலில் இறங்கும் ஒரு லிட்டர் தருவது 10 கிலோ கலோரி. ஆக, ஒரு கிலோ பனிக்கு எட்டு லிட்டர்.

மணிக்கு 3 சென்டிமீட்டர் பனி விழுகிறது, ஒரு கன மீட்டர் புதுப்பனியின் எடை 80 கிலோ என்று கொள்வோம். ஒரு சதுர மீட்டரில் மணிக்கு 2.4 கிலோ பனி சேரும். அதைக் கரைக்க 19 லிட்டர், அதாவது நிமிடத்துக்கு 0.3 லிட்டரும் கொஞ்சமும் தேவை. ஆறு மீட்டர் அகலத் தெருவில் நூறு மீட்டர் நீளத்துக்கு எட்டு மணி நேரம் ஓட்டினால் 92,000 லிட்டர் போய்விடும். 12,000 லிட்டர் பிடிக்கும் தண்ணீர் லாரி ஏறக்குறைய எட்டு. ஒரு தெருவின் ஒரு துண்டுக்கு, ஒரே இரவில்.

அமைப்பில் பெரிய நுட்பம் ஒன்றுமில்லை. ஆழ்துளைக் கிணறு, அதில் சப்மெர்சிபிள் மோட்டார், மணலைப் பிரிக்கும் தொட்டி, சாலை நடுவில் பதித்த குழாய், நாசில்கள். சாலையின் நடுப்பகுதி சற்று மேடாக இருப்பதால் நீர் இரு பக்கமும் வழிந்து ஓரக் கால்வாயில் இறங்கும். நீர் பீய்ச்சக்கூடாது, தரையோடு தவழ வேண்டும். உயரத் தெறித்தால் கொண்டுவந்த வெப்பத்தைக் காற்றிலேயே இழந்துவிடும், நடந்து போகிறவர் கால்சட்டையும் நனையும். தவழ்ந்தாலும் தெரு முழுக்கச் சளசளவென்றுதான் இருக்கும், ரப்பர் பூட்ஸ் இல்லாமல் வெளியே கால் வைக்க முடியாது. மோட்டாருக்குப் பக்கத்தில் அழுத்தம் அதிகம், கடைக்கோடியில் குறைவு. ஒவ்வொரு நாசிலிலும் உள்ள திருகை இதற்கேற்பத் திருப்பி, அளவைச் சமன் செய்ய வேண்டும்.

கெடுவது பெரும்பாலும் நாசில்தான். ஆழத்தில் ஆக்சிஜன் இல்லாத நீரில் இரும்பு கரைந்து கண்ணுக்குத் தெரியாமல் இருக்கும். வெளியே வந்து காற்றுப் பட்டதும் துருவாகப் படியும். தெருவுக்கு வண்ணம் பூசுவது இதுவே, துளையை அடைப்பதும் இதுவே. ஒரு நாசில் அடைத்தால் அதைச் சுற்றி மட்டும் பனி தேங்கி, வண்டிகள் ஏறி ஏறி இறுகிப் பனிக்கட்டித் திட்டாகிவிடும். நீர் ஓடும் தெருவில் எதிர்பாராத அந்தத் திட்டில் சக்கரம் ஏறினால் வண்டி தடுமாறும். அதனால் இலையுதிர்காலத்திலேயே குழாயின் கடைசி மூடியைத் திறந்து மோட்டாரை ஓட்டிச் சேற்றை வெளியேற்றுகிறார்கள். பிறகு நாசில்களை ஒவ்வொன்றாகக் குத்திச் சுத்தம் செய்கிறார்கள்.

இன்னொரு தவறு, தாமதமாகத் தொடங்குவது. பனி ஒரு சாண் சேர்ந்தபின் மோட்டாரைப் போட்டால், நீர் அடியில் வாய்க்கால் பறித்துக்கொண்டு ஓடிவிடும். மேலே பனி பாலம்போல் அப்படியே நிற்கும்.

பனி கொட்டும் இரவில் எல்லா மோட்டார்களும் ஒரே நேரத்தில் ஓடுவதுதான் உண்மையான தலைவலி. கிணற்று மட்டம் சரிகிறது. அதிகம் தேவைப்படும் வேளையில் சில கிணறுகள் காற்றை உறிஞ்சுகின்றன. அதைவிட மோசமானது கீழே நடப்பது. முயிகாமாச்சிப் பகுதியின் அடியில் சரளை அடுக்குகளுக்கு இடையே களிமண் அடுக்குகள் உள்ளன. மேலிருக்கும் மண்ணின் எடையில் ஒரு பங்கைத் தாங்குவது துளைகளில் உள்ள நீரின் அழுத்தம். சரளையிலிருந்து நீரை இறைக்க இறைக்க, களிமண்ணிலிருந்தும் நீர் மெல்லக் கசிந்து வெளியேறுகிறது. தாங்க ஆள் இல்லாத களிமண் அமுங்குகிறது, ஊரே தாழ்கிறது. நிலம் எங்கும் ஒரே அளவாகத் தாழ்வதில்லை. ஆழத்தில் நிற்கும் கிணற்றுக் குழாய் மட்டும் தரைக்கு மேலே நீட்டிக்கொள்ளும், கட்டடத்துக்கும் தரைக்கும் நடுவே இடைவெளி விழும்.

எனவே இப்போது தண்ணீரைக் கஞ்சத்தனமாகத்தான் செலவிடுகிறார்கள். முன்பு குளிர் தட்டினாலே ஓடிய மோட்டார்களுக்கு, விழும் பனியை அகச்சிவப்புக் கதிரால் உணரும் சென்சார்களைப் பொருத்தியிருக்கிறார்கள். பனி நின்றால் மோட்டாரும் நிற்கும். தெருவை இரண்டு பகுதிகளாகப் பிரித்து மாற்றி மாற்றி நீர் விடும் முறையும் உண்டு. சில இடங்களில் நீரைத் தெளிக்காமல், சாலைக்கு அடியில் வளைத்துப் பதித்த குழாய்களில் ஓடவிட்டு, வெப்பத்தை மட்டும் வாங்கிக்கொண்டு மற்றொரு கிணற்றில் திருப்பி இறக்குகிறார்கள். செலவு கூடுதல். திருப்பி விடும் கிணறு துருவால் அடைத்துக்கொள்ளும் தொல்லையும் உண்டு.

ஊருக்குள் உராசா நிலையம் வழியாகப் போகும் ஜோயெட்சு ஷின்கான்சென் இதே உத்தியைப் பெரிய அளவில் கையாள்கிறது. தண்டவாளத்தில் தெளிப்பது சூடாக்கிய நீர். தெளித்ததை வடிகாலில் பிடித்து மீண்டும் சூடாக்கிப் பயன்படுத்துகிறார்கள். புல்லட் ரயிலுக்குக் கட்டுப்படியாகிற செலவு, தெருவுக்கு ஆகாது.

தெருவுக்கு ஆகக்கூடியது, சாலையோரம் ஆற்று நீர் வேகமாக ஓடும் 'ரியூசெட்சுகோ' கால்வாய். கிரில் மூடியைத் திறந்து வீட்டு வாசல் பனியை மண்வெட்டியால் தள்ளினால், நீர் அதை ஆற்றுக்கே இழுத்துப் போய்விடும். இங்கே பனி உருக வேண்டியதில்லை, மிதந்தால் போதும். நீர் போதாததால் தெருவுக்குத் தெரு நேரம் ஒதுக்கியிருப்பார்கள். முறை தவறியோ பெரிய கட்டியாகவோ யாராவது தள்ளிவிட்டால், கீழே எங்கோ அடைத்து அடுத்த தெருவுக்காரர் வாசலில் வெள்ளம் ஏறும்.

வசந்தத்தில் மலைப்பனி உருகி உவோனோ ஆற்றில் இறங்கி, நடவுக்கு வயல்களை நிரப்புகிறது. வயலில் நின்ற நீரில் ஒரு பகுதி மண்ணுக்குள் இறங்கி, குளிர்காலத்தில் இறைத்ததை ஈடு செய்கிறது. கோடையில் கிணற்று மட்டம் ஏறும், தாழ்ந்த நிலமும் கொஞ்சம் உயரும். சரளை அடுக்கு மறுபடி நீரை ஏற்றுக்கொள்ளும். ஒருமுறை நசுங்கிய களிமண் பழைய தடிமனுக்குத் திரும்புவதில்லை.