கிரானைட் தரை: கல்லுக்கு அடியில் நடப்பது

கிரானைட் போட்டு மூன்று மாதம் ஆன ஒரு வீட்டைப் பார்க்கக் கூப்பிட்டிருந்தார்கள். தரைத்தளம், வெளிர் சாம்பல் நிறக் கல். ஒவ்வொரு கல்லின் ஓரத்திலும் விரல் அகலத்துக்குக் கருமை ஓடியிருந்தது, போட்டோவுக்குச் சட்டம் போட்ட மாதிரி. வீட்டுக்காரர் கல் விற்றவரோடு சண்டைக்கு நிற்கிறார். போட்ட மேஸ்திரியோ, "கல்லோட ஜாதியே அப்படித்தான் சார்" என்கிறார். ஓரத்தில் ஒரு கல்லைப் பெயர்க்கச் சொன்னேன். அடியில் இருந்த கலவையைக் கையில் எடுத்தால் ஈரம் ஒட்டியது.

விசாரித்ததில் விஷயம் வெளியே வந்தது. கல் போட்ட இரண்டாம் நாளே கற்களுக்கு நடுவே உள்ள இடைவெளிகளை எபாக்ஸி என்ற நீர் புகாத பசையால் அடைத்து, பளபளப்புக்காக மேலே சீலர் என்ற அடைப்புப் பூச்சும் பூசியிருக்கிறார்கள். கலவையில் ஊற்றிய தண்ணீர் வெளியேற வழியே இல்லை. போதாக்குறைக்கு மண் நிரப்பின தரையில் பாலிதீன் ஷீட் விரிக்கவில்லை. பூமியின் ஈரமும் மேலே ஏறிக்கொண்டே இருந்தது.

கிரானைட் கண்ணாடி மாதிரி என்று பலர் நினைக்கிறார்கள். நல்ல கிரானைட் தன் எடையில் 0.4 சதவீதத்துக்கும் குறைவாகத்தான் தண்ணீர் குடிக்கும். ஆனால் அந்தக் கொஞ்சமே வெளிர் நிறக் கல்லில் கறையாகத் தெரியப் போதும். கறுப்புக் கல்லில் அதே ஈரம் இருந்தாலும் கண்ணில் படாது. ஆகவே கல் போட்டதும் அவசரப்படாதீர்கள். இடைவெளிகளை சில நாட்கள் திறந்தே விடுங்கள். சீலர் அடிக்கும் முன், ஒன்றரை அடி சதுரத்தில் பாலிதீன் துண்டு வெட்டி, நாலு ஓரமும் டேப் ஒட்டித் தரையில் வைத்துவிட்டு மறுநாள் காலையில் தூக்கிப் பாருங்கள். உள்பக்கம் வியர்த்திருந்தாலோ அந்த இடம் கறுத்திருந்தாலோ தரை இன்னும் காயவில்லை. வாரக்கணக்கில்கூட ஆகலாம். குடிபோகும் தேதி குறித்துவிட்டோம் என்பது கலவைக்குத் தெரியாது!

இனி கலவை. சிமெண்ட் ஒன்று, மணல் நான்கு முதல் ஆறு. உயரம் 25 முதல் 50 மில்லிமீட்டர். தண்ணீர் விஷயத்தில்தான் எல்லாரும் கோட்டை விடுகிறார்கள். ஒரு பிடி அள்ளி இறுக்கினால் உருண்டையாக நிற்க வேண்டும், விரலிடுக்கில் சொட்டக் கூடாது. அதை விரித்து மட்டப்பலகையால் இழுத்து, கல்லை ஒருமுறை சும்மா வைத்து ரப்பர் சுத்தியால் தட்டிவிட்டு மறுபடி தூக்க வேண்டும். இதைச் செய்கிறவர் கைதேர்ந்தவர். செய்யாதவரிடம் நான் வேலை கொடுப்பதில்லை. தூக்கினதும் கலவையில் கல்லின் அச்சு தெரியும். அழுந்தாத இடம் சொரசொரப்பாக அப்படியே கிடக்கும். அந்தப் பள்ளத்தில் கலவை போட்டு நிரப்பி, மேலே கெட்டியான சிமெண்ட் பால் ஊற்றி, அதன் பிறகுதான் கல்லை நிரந்தரமாக உட்கார வைக்க வேண்டும். சிமெண்ட் தூளை வெறுமனே தூவிவிட்டுக் கல்லை வைப்பது வேகமான வேலை, ஆனால் பிடிப்பு கிடைக்காது.

பிடிப்பு கெடுவதற்கு இன்னொரு காரணம் கல்லின் முதுகு. வெட்டின தூள் படிந்திருந்தால் கழுவிக் காயவைக்க வேண்டும். சில கற்களின் பின்னால் உடையாமல் இருக்க ரெசின் என்ற பசையால் வலை ஒட்டி அனுப்புகிறார்கள். அந்த வழுவழுப்பில் சிமெண்ட் ஒட்டாது. வலையைத் தேய்த்து எடுக்க வேண்டும், இல்லையென்றால் அதற்கேற்ற பசை வாங்க வேண்டும். வலையோடு அப்படியே பதித்த ஒரு கூடத்தில் நாணயத்தால் தட்டிக்கொண்டே போனேன். நன்றாக உட்கார்ந்த கல் 'டக்' என்று கெட்டியாகப் பேசும். வெற்றிடம் இருந்தால் 'டொப்' என்று காலி டப்பா சத்தம் வரும். பாதிக் கூடம் டப்பாவாகப் பேசியது. இந்தச் சோதனையைக் கடைசித் தவணைப் பணம் கொடுப்பதற்கு முன்னால் செய்யுங்கள், மூலைகளையும் விடாமல்.

தரை பள்ளமாக இருந்தால் கலவையைக் கூட்டி மட்டம் கொண்டுவராதீர்கள், காங்கிரீட் போட்டு நிரப்பிக்கொள்ளுங்கள். 20 மில்லிமீட்டர் கிரானைட் சதுர அடிக்கு 5 கிலோ. இரண்டு அங்குலக் கலவை அதைப் போல் ஏறக்குறைய இரு மடங்கு. மாடியில் இந்தக் கணக்கு முக்கியம். கற்களைப் பதிக்கும் முன் வெளிச்சத்தில் பரப்பி நிறம் பார்த்துக்கொள்வதும், குளியலறையில் வாட்டம் விடுவதும், கதவின் அடியில் இடம் இருக்கிறதா என்று அளப்பதும் எல்லாருக்கும் தெரிந்தவைதான்.

சிமெண்ட் கறையைப் போக்க ஆசிட் ஊற்றுகிறவர்களைத் தடுத்து நிறுத்துங்கள். ஆசிட் கலவையை அரிக்கும். சில கற்களில் இருக்கும் இரும்பை வெளியே இழுத்து மஞ்சள் துருக்கறையாக்கும். துரு நீக்கும் சில திரவங்களில் ஹைட்ரோபுளோரிக் அமிலம் இருக்கிறது. அது கிரானைட்டையே தின்னும், தோலில் பட்டால் உயிருக்கே ஆபத்து. ஈரம் காய்வதற்குள் துணியால் துடைத்திருந்தால் கறையே இருந்திருக்காது.

கடைசியாக, வெட்டும் மெஷின். கிரானைட்டில் ஐந்தில் ஒரு பங்குக்குக் குறையாமல் குவார்ட்ஸ் என்ற சிலிக்கா கனிமம் உண்டு. உலர்வாக வெட்டும்போது எழுகிற வெள்ளைத் தூசியில் அது பறக்கிறது. அந்தத் தூசியைச் சர்வதேசப் புற்றுநோய் ஆய்வு முகமை 1997இலேயே புற்றுநோய்க் காரணியாக வகைப்படுத்தியது. இந்தத் தூசி நுரையீரலில் தழும்பேற்றும் சிலிக்கோசிஸ் நோய் வந்துவிட்டால் நுரையீரல் பழைய நிலைக்குத் திரும்பாது. நான் போன ஒரு தளத்தில் ஜன்னல் சாத்திய அறைக்குள் ஒரு இளைஞர் வெட்டிக்கொண்டிருந்தார். முகத்தில் துண்டு, புருவம்கூட வெள்ளை. கேட்டால், "வெளியே தூசு போனா பக்கத்து வீட்டுக்காரங்க சத்தம் போடறாங்க சார்" என்றார். நுரையீரலுக்குள் போகும் துகளைத் துண்டு நிறுத்தாது. வெளியே கொண்டுபோய்த் தண்ணீர் விட்டு வெட்டச் சொல்லி, சரியான மாஸ்க் வாங்கிக் கொடுத்து, மெஷினுக்குப் போகும் லைனில் மின்கசிவைத் துண்டிக்கும் சுவிட்ச் மாட்டவைத்தேன். இப்போது நான் எழுதும் ஒப்பந்தங்களில் இது முதல் வரி. கல்லின் நிறம் இரண்டாவது வரியில் வருகிறது.