பிள்ளைகளுடன் சிங்கராஜா: உள்ளே போக என்ன விதி?

வில்பத்து தேசியப் பூங்காவுக்குப் போய்வந்த யாழ்ப்பாணத்துக் குடும்பங்கள் சிங்கராஜா மழைக்காடும் அப்படித்தான் இருக்கும் என்று நினைத்துப் புறப்படுகின்றன. வில்பத்துவில் ஜீப்பில் இருந்தபடியே மிருகம் பார்க்கலாம். சிங்கராஜாவில் காட்டுக்குள் நடைதான். சின்னப் பிள்ளையைக் கூட்டிப் போகிறவர், திரும்பி வரும்போது அதைத் தூக்கிக்கொண்டு நடக்கவும் தயாராக இருக்க வேண்டும்.

இந்தக் காடு வனப் பாதுகாப்புத் திணைக்களத்தின் பொறுப்பில் உள்ளது. இரத்தினபுரிப் பக்கம் குடவ, தெனியாயப் பக்கம் பிட்டதெனிய என்று இரண்டு வாசல்கள் பலருக்கும் தெரிந்தவை. கொழும்பு, இரத்தினபுரி, கலவானை வழியாகப் போகிறவர்களுக்குக் குடவ வசதி. ஒரே நாளில் போய்த் திரும்பும் கதை நடவாது. வாசலுக்குக் கிட்ட ஓர் இரவு தங்குங்கள்.

ரிக்கற் வாசலிலேயே எடுக்கலாம். சிறுவருக்குக் கட்டணம் குறைவு. பெரியவர்கள் அடையாள அட்டையை மறக்க வேண்டாம். உள்ளூராருக்கும் வெளிநாட்டாருக்கும் கட்டணத்தில் பெரிய வித்தியாசம் உண்டு. லீவுக்கு வந்த கனடாச் சித்தப்பா தமிழில் எவ்வளவு கதைத்தாலும் வெளிநாட்டுக் கடவுச்சீட்டுத்தான் கணக்கு. வழிகாட்டி இல்லாமல் உள்ளே விடமாட்டார்கள், அவருக்கான கட்டணம் தனி. வழிகாட்டிகள் பெரும்பாலும் பக்கத்துக் கிராமத்தவர்கள். இலைக்கு அடியில் கிடக்கும் பச்சைப் பாம்பை நமக்கு முன் அவர்கள் கண்டுவிடுவார்கள். ஆகவே பிள்ளைகளை வழிகாட்டிக்கு முன்னால் ஓட விடாதீர்கள்.

பிள்ளைகளோடு போகும்போது சிக்கல் தருவது வேறொரு விதி: எதையும் பிடுங்கவோ எடுத்து வரவோ கூடாது. 1988இல் இந்தக் காடு தேசிய மரபுரிமை வனப் பிரதேசமாகச் சட்டப்படி அறிவிக்கப்பட்டது. அதே ஆண்டு யுனெஸ்கோவின் உலக மரபுரிமைப் பட்டியலிலும் சேர்ந்தது. இங்குள்ள மரங்களில் 60 சதவீதத்துக்கு மேல் இலங்கைக்கு மட்டுமே உரியவை. பூ, விதை, நத்தை ஓடு எல்லாம் கிடந்த இடத்திலேயே கிடக்க வேண்டும். வேலியோரம் கண்டதையெல்லாம் பொறுக்கிப் பழகிய பிள்ளைக்கு இதைப் பஸ்ஸில் வைத்தே சொல்லிவிடுங்கள். காட்டுக்குள் சொன்னால் அழுகைதான். வரும்போது காற்சட்டைப் பையையும் ஒருமுறை பாருங்கள்.

சாப்பாட்டைப் பொலித்தீனில் சுற்றாமல் பெட்டியில் கொண்டு போங்கள். குப்பை உங்களோடே திரும்ப வேண்டும்.

மழைக்காடு என்பதால் மழைக்கு நாள் பார்க்க முடியாது. ஆனாலும் ஜனவரி முதல் மார்ச் வரை ஓரளவு குறைவு. பாடசாலை லீவைப் பார்த்தால் ஓகஸ்டும் பரவாயில்லை. அப்புறம் அட்டைக்கடி. நீண்ட மேசுக்குள் காற்சட்டையைச் செருகி, மேசின் மேல் சவர்க்காரம் தேய்த்துவிடுங்கள். ஏறிவிட்டால் பிய்த்து இழுக்காமல் உப்பைப் போட்டால் தானே விழும். அட்டையின் எச்சில் இரத்தத்தை உறைய விடாது. கடிவாயில் கொஞ்ச நேரம் கசியும். பிள்ளை பயந்தால், பஞ்சை வைத்து அழுத்திப் பிடித்தால் போதும்.