கார் கவர் வாங்கும் முன் உள்பக்கத்தைத் தொட்டுப் பாருங்கள்

கார் பெயிண்ட்தான் என் தொழில். கீறல் எடுப்பது, பாலிஷ் போடுவது, மங்கிப்போன பெயிண்டுக்குப் பளபளப்பை மீட்பது. திறந்த வெளியில் நிற்கும் வண்டிகள்தான் எங்களிடம் அதிகம் வரும். அவற்றில் கணிசமான வண்டிகளைக் கெடுத்தது, காப்பாற்றுவதற்கென்றே காசு கொடுத்து வாங்கிப் போட்ட கவர்தான் என்றால் உரிமையாளர்கள் முதலில் நம்ப மாட்டார்கள். கீறல் இருக்கும் இடங்களைக் காட்டினால் புரிந்துவிடும்: சைடு மிரரின் மேல்விளிம்பு, பம்பரின் இரண்டு மூலைகள், டிக்கியின் ஓரம், கதவுக் கைப்பிடிகள். வண்டியில் துருத்திக்கொண்டிருக்கும் இடங்கள் மட்டும் தேய்ந்து மங்கியிருந்தால், அது துணி உரசிய வேலை.

ஏன் இப்படி ஆகிறது என்பதற்குப் பெயிண்டின் தடிமனைத் தெரிந்துகொள்ள வேண்டும். காரில் நாம் பார்க்கும் நிறத்துக்கு மேலே கிளியர் கோட் என்று நிறமில்லாத ஒரு படலம் உண்டு. பெரும்பாலான கார்களில் அதன் தடிமன் சுமார் 40 முதல் 50 மைக்ரான்தான். ஒரு தலைமுடியே கிட்டத்தட்ட 70 மைக்ரான் வரும். பளபளப்பு, வெயிலின் புற ஊதாக் கதிரைத் தாங்குவது, தண்ணீரைத் தடுப்பது எல்லாம் அந்த மெல்லிய படலத்தின் வேலை. பாலிஷ் போட்டுக் கீறலை எடுக்கிறோம் என்றால், அந்தப் படலத்தையே கொஞ்சம் சுரண்டி எடுக்கிறோம் என்றுதான் அர்த்தம். அதனால் எத்தனை தடவை வேண்டுமானாலும் பாலிஷ் போடலாம் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள்.

காற்றில் வரும் தூசியில் மணல் துகள் இருக்கும். மணலின் முக்கியமான பொருளான குவார்ட்ஸ், கனிமங்களின் கடினத்தை 1 முதல் 10 வரை வரிசைப்படுத்தும் மோ அளவில் 7. கிளியர் கோட்டோ ஒரு வகைப் பிளாஸ்டிக். தூசி படிந்த வண்டி மேல் ஒரு துணியைப் போட்டு, அந்தத் துணி ராத்திரி முழுக்கக் காற்றில் படபடத்தால், அது கவர் இல்லை, உப்புத்தாள்.

அதனால்தான் கடைக்குப் போனதும் எல்லோரும் கேட்கும் 'வாட்டர்ப்ரூஃப்தானே?' என்ற கேள்வியை நான் மூன்றாவது இடத்துக்குத் தள்ளுவேன். முதல் கேள்வி, வண்டிக்குச் சரியாகப் பொருந்துமா என்பது. இரண்டாவது, உள்பக்கத் துணி என்ன என்பது.

'செடான் சைஸ்', 'எஸ்யூவி சைஸ்' என்று பொதுவாக விற்கும் கவரை வாங்க வேண்டாம். உங்கள் காரின் மாடலுக்கென்று தைத்ததா, மிரருக்குத் தனிப் பை இருக்கிறதா, ஆன்டெனா இருந்தால் அதற்கும் இடம் விட்டிருக்கிறார்களா என்று பாருங்கள். போட்டுப் பார்த்ததும் பக்கவாட்டில் துணியைக் கையால் பிடித்து இழுங்கள். கை நிறைய துணி வந்தால் அது தொளதொள கவர், காற்றுக்குப் பாய்மரமாக விரியும். அடிவிளிம்பில் எலாஸ்டிக் முழுச் சுற்றும் இருக்க வேண்டும், முன்னும் பின்னும் மட்டும் இருந்தால் போதாது. அப்புறம் வண்டிக்கு அடியில் கொண்டுபோய் மாட்டும் ஸ்ட்ராப் குறைந்தது ஒன்று, முடிந்தால் இரண்டு. அந்த ஸ்ட்ராப்பின் பக்கிள் பிளாஸ்டிக்காக இருக்கட்டும். இரும்புக் கொக்கி வைத்த கவரைக் காற்றில் மாட்ட முயலும்போது கொக்கி கதவில் போய் அடிக்கும், அந்த அடியில் தெறித்த பெயிண்டை நிறைய வண்டிகளில் பார்த்திருக்கிறேன்.

உள்பக்கத்துக்கு வருவோம். வெளியே வெள்ளிப் பூச்சோடு பளபளவென்று இருக்கும் பல கவர்களின் உள்ளே அதே முரட்டுப் பாலியஸ்டர்தான் இருக்கும். பெயிண்டைத் தொடப்போவது அந்தப் பக்கம். விரலால் தடவினால் ஓரளவு தெரியும், ஆனால் விரல் சில சமயம் ஏமாற்றும். பழைய சிடி ஒன்று இருந்தால், அதன் பளபளக்கும் பக்கத்தில் கவரின் உள்பக்கத்தை வைத்துக் கொஞ்சம் அழுத்தி இருபது முப்பது தடவை தேய்த்துவிட்டு வெளிச்சத்தில் சாய்த்துப் பாருங்கள். மெல்லிய கோடுகள் விழுந்திருந்தால் உங்கள் போனட்டிலும் விழும், கறுப்பு வண்டி என்றால் பளிச்சென்று தெரியும். மென்மையான பருத்தி அல்லது ஃப்ளீஸ் உள்துணி இருந்தால் நல்லது. தையல் எங்கே ஓடுகிறது என்பதையும் பாருங்கள். கூரையின் நடுவே தடித்த தையல் ஓடினால் அங்கே துணியும் உரசும், மழைத் தண்ணீரும் ஊசி ஓட்டை வழியாக இறங்கும். தையல் மேல் டேப் ஒட்டாத கவரை, துணி எவ்வளவு நல்லதாக இருந்தாலும், வாட்டர்ப்ரூஃப் என்று சொல்ல முடியாது.

சரி, இப்போது தண்ணீர் விஷயம். சொட்டுக்கூட உள்ளே விடாத பிவிசி அல்லது பிளாஸ்டிக் ஷீட் கவர் மழைக்கு நல்லது என்று தோன்றும். ஆனால் தண்ணீர் வெளியே இருந்து மட்டும் வருவதில்லை. தரையிலிருந்து ஈரம் மேலே ஏறும், இரவில் தகடு குளிர்ந்ததும் உள்ளே இருக்கும் காற்றின் ஈரம் அதன் மேல் முத்து முத்தாகப் படியும். பகலில் வெயில் அடித்ததும் அது ஆவியாகி, வெளியேற வழியில்லாமல் கவருக்குள்ளேயே சுற்றும். வாரக்கணக்கில் இப்படி மூடிக்கிடந்த வண்டிகளில் பெயிண்ட் மேல் வெண்மையான திட்டுகள், சின்னச் சின்னக் கொப்புளங்கள், கல் தெறித்த இடங்களில் துரு, உள்ளே சீட்டில் பூஞ்சை வாசனை எல்லாம் வரும். மட்டமான பிவிசியில் இன்னொரு தொல்லை, அதை வளையவைக்கச் சேர்க்கும் பிளாஸ்டிசைசர் வெயிலில் கசிந்து பெயிண்டில் பிசுபிசுப்பாக ஒட்டிக்கொள்ளும். வெள்ளைக் காரில் அது மஞ்சள் கறையாக நின்றுவிட்டால் பாலிஷுக்கும் சில சமயம் மசியாது.

ஆகவே மழையைப் பெருமளவு தடுத்து, நீராவியை வெளியே விடும் துணிதான் வேண்டும். இதைச் சோதிக்க எளிய வழி இருக்கிறது. ஒரு டம்ளரில் ஆவி பறக்கும் வெந்நீர் ஊற்றி, கவர் துணியின் உள்பக்கம் கீழே பார்க்கும்படி அதன் வாயை மூடுங்கள். துணிக்கு மேல் உலர்ந்த கண்ணாடி டம்ளர் ஒன்றைக் கவிழ்த்து வையுங்கள். மேல் டம்ளரின் உள்சுவரில் பனி படர்ந்தால் துணி மூச்சு விடுகிறது. கவரோடு வரும் பையே பெரும்பாலும் அதே துணியில்தான் தைத்திருப்பார்கள், அதைக்கொண்டு பார்த்தால் போதும்.

பெட்டியில் போட்டிருக்கும் எண்களைப் பற்றி ஒரு வார்த்தை. '5 லேயர்', '7 லேயர்' என்பதற்குப் பொதுவான தர அளவு எதுவும் கிடையாது, மெல்லிய படலத்தைக்கூட ஒரு லேயராக எண்ணிக்கொள்வார்கள். 190டி என்றால் ஒரு சதுர அங்குலத்தில் பாவும் ஊடையுமாக ஓடும் இழைகளின் எண்ணிக்கை. டெனியர் என்றால் 9000 மீட்டர் இழையின் எடை, கிராமில். இவை துணியின் நெருக்கத்தையும் இழையின் பருமனையும் சொல்லும், வெயிலை எத்தனை நாள் தாங்கும் என்பதைச் சொல்லாது. அதற்குப் புற ஊதாத் தடுப்பு சேர்த்திருக்கிறார்களா என்று கேட்க வேண்டும். காகிதம்போல் இருக்கும் பாலிப்ரோப்பிலீன் கவர்களில் அது இல்லையென்றால் வெயிலில் சீக்கிரமே மொறுமொறுத்துப் பொடியாக உதிரும். நிறத்தில் வெள்ளி அல்லது வெளிர் சாம்பல் எடுங்கள், வெப்பத்தைத் திருப்பி அனுப்பும். அடர் சிவப்பு, நீலக் கவர்களில் மட்டமான சாயம் நனைந்ததும் வெள்ளை வண்டியில் இறங்கிவிடும்.

தினமும் ஓட்டும் வண்டியா? அப்படியென்றால் முழு கவரே வேண்டாம் என்றுதான் என்னிடம் கேட்பவர்களுக்குச் சொல்கிறேன். காலையில் தூசியோடு உருவி, மாலையில் தூசி மேலேயே போர்த்தினால், கவர் இல்லாமல் நிற்பதைவிடக் கீறல் அதிகமாகும். நிழல் தேடி நிறுத்துங்கள், முன் கண்ணாடிக்கு உள்ளே சன்ஷேடு வையுங்கள், வாரம் ஒரு தடவை நன்றாகக் கழுவுங்கள், மெழுகோ கோட்டிங்கோ போட்டு வையுங்கள். வாரத்துக்கு ஒருமுறை எடுக்கும் வண்டி, மாதக்கணக்கில் நிற்கும் வண்டி, மரத்தடியில் நின்று பிசினும் பறவை எச்சமும் வாங்கும் வண்டி, இவற்றுக்குத்தான் கவர் உண்மையாகவே உதவும். பறவை எச்சத்தைச் சாதாரணமாக நினைக்காதீர்கள். வெயிலில் கிளியர் கோட் இளகி விரியும், அதன் மேல் எச்சம் இறுகும், பிறகு பெயிண்ட் குளிர்ந்து சுருங்கும்போது அந்த எச்சத்தின் வடிவத்தையே அச்சாகப் பிடித்துக்கொள்ளும். ஒரு நல்ல வெயில் பகலே அதற்குப் போதும்.

வாங்கிய பிறகு செய்ய வேண்டியது கொஞ்சம்தான், ஆனால் விடக்கூடாது. கழுவித் துடைத்து உலர்ந்த வண்டிக்குத்தான் கவர். ஓட்டி வந்ததும் போடக்கூடாது, சைலன்சர் ஆறட்டும், பாலிப்ரோப்பிலீன் சுமார் 160 டிகிரி செல்சியஸிலேயே உருகிவிடும். புதிதாகப் பெயிண்ட் அடித்த வண்டி என்றால் எப்போது மூடலாம் என்று அடித்தவரிடம் கேளுங்கள், பெயிண்டில் இருக்கும் கரைப்பான் முழுதாக வெளியேற வாரங்கள் ஆகலாம். பல நாள் நிற்கும் வண்டியை வாரம் ஒருமுறையாவது திறந்து காற்றாட விடுங்கள், அப்போதே போனட்டைத் தூக்கி எலி புகுந்திருக்கிறதா என்றும் பாருங்கள், மூடிய வண்டி எலிக்கு நல்ல இடம்.

கழற்றும்போது தரையில் இழுக்க வேண்டாம். இரண்டு பக்கத்தையும் தூக்கிக் கூரை மேல் மடித்து, முன்னாலிருந்து பின்னால் சுருட்டினால் வெளிப்பக்கத் தூசி உள்பக்கத்தில் ஒட்டாது. அவ்வப்போது வெளிப்பக்கத்தை உள்ளங்கையால் தேய்த்துப் பாருங்கள். வெள்ளிப் பொடி கையோடு வர ஆரம்பித்தால் அந்தக் கவரின் காலம் முடிந்துவிட்டது. இன்னும் கிழியவில்லையே என்று அதை மறுபடி வண்டி மேல் போடாதீர்கள்.