மெசேஜுக்கு வரி போட்டால் கிடைப்பது எவ்வளவு, கட்டுவது யார்?

இலங்கை அரசாங்கத்தின் கையில் காசு இல்லை என்ற பேச்சு வரும்போதெல்லாம் மலையகத்து ஹட்டன் டவுன் தேத்தண்ணிக் கடைகளில் யாராவது ஒருவர் இந்தக் கணக்கை எடுத்து விடுவார். எல்லாரிடமும் போன் இருக்கிறது, எல்லாரும் மெசேஜ் அனுப்புகிறார்கள், ஒரு மெசேஜுக்கு வெறும் 25 சதம் போட்டால் யாருக்கும் வலிக்காது, கஜானா நிரம்பிவிடும் என்பார். கேட்க நன்றாகத்தான் இருக்கும். நான் சில வருஷம் ஒரு கொமினிகேஷன் கடையில் உட்கார்ந்து ரீலோட், அதாவது போனுக்குக் காசு, போட்டுக் கொடுத்தவன், அதனால் இதில் எனக்குக் கொஞ்சம் சொல்ல இருக்கிறது.

முதலில் ஒரு விஷயம். போனுக்கு இப்போது வரி இல்லாத மாதிரியும் இனித்தான் போடப் போகிற மாதிரியும் பலர் பேசுகிறார்கள். வரி ஏற்கனவே இருக்கிறது, அதுவும் ஒன்றல்ல. பத்தாந் திகதி சம்பளம் போட்ட மறுநாள் கடையில் கூட்டம் நிற்கும், அப்போது ஒரு பெரியம்மா வந்து, "ஏன் தம்பி, நேத்துத்தானே நூறு ரூவா போட்டேன், மகன்கிட்ட ரெண்டு வார்த்தை பேசறதுக்குள்ள முடிஞ்சி போச்சே, நீ சரியாத்தான் போட்டியா?" என்று கேட்பார். சரியாகத்தான் போட்டிருப்பேன். மாசாமாசம் பில் வருகிறவருக்கு அதில் வரி எவ்வளவு என்று தனியாக எழுதியிருக்கும், பார்த்துத் திட்டிக்கொள்ளலாம். ரீலோட் போடுகிறவருக்கு பில் ஏது? காசு எங்கே போனது என்று தெரியாமல் கடைக்காரனைச் சந்தேகப்படுவதுதான் நடக்கும்.

அந்தக் காசு போகிற கதை இதுதான். 2011 ஆம் ஆண்டின் 21 ஆம் இலக்கச் சட்டத்தில் தொலைத்தொடர்பு வரி என்று ஒன்று வந்தது. அதுவரை போனுக்குப் பல பெயர்களில் இருந்த வரிகளையெல்லாம் எடுத்துவிட்டு ஒரே வரியாக 20 வீதம் என்றார்கள், நல்ல யோசனைதான். பிறகு அது 25 வீதமானது. 2016 இல் பெறுமதி சேர் வரி, அதாவது நாம் வற் என்று சொல்வது, திரும்ப வந்து அதன்மேல் ஏறிக்கொண்டது. ஒன்றே ஒன்று என்று சொன்னது ஐந்து வருஷம் நின்றது. அப்புறம் 25 என்பது 15 ஆகி, 2019 டிசம்பரில் 11.25 ஆகி, நாடு கடன் கட்ட முடியாமல் நின்ற 2022 இல் மறுபடி 15 ஆனது. வற் அந்த ஒரே வருஷத்தில் 8 இலிருந்து 12, 12 இலிருந்து 15 என்று ஏறி, 2024 ஜனவரியில் 18 க்கு வந்தது. இடையில் 2022 ஒக்டோபரில் சமூகப் பாதுகாப்புப் பங்களிப்பு வரி 2.5 வீதம். இந்த மூன்றையும் வெறுமனே கூட்டினாலே 35.5 வருகிறது, ஒன்றின்மேல் ஒன்றாகக் கணக்கிட்டால் இன்னும் கூடும்.

இதில் அதிகம் பேர் கவனிக்காத ஒன்று, டேட்டாவுக்கு இந்தத் தொலைத்தொடர்பு வரி கிடையாது. 2017 செப்டெம்பரில் இணையத்துக்கு அதை எடுத்துவிட்டார்கள். ஆகவே ஸ்மார்ட் போன்காரர் வாட்ஸ்அப்பில் பத்துப் படமும் ஒரு வீடியோவும் அனுப்பினால் டேட்டாவுக்கு உரிய வற் போன்றவற்றோடு முடிந்துவிடுகிறது. பட்டன் போன் வைத்திருக்கும் பெரியம்மா பேசுகிற பேச்சுக்கும் அனுப்புகிற மெசேஜுக்கும் அந்த 15 வீதமும் சேர்கிறது. மெசேஜுக்குப் புதிதாக வரி என்றால், ஏற்கனவே கூடக் கட்டுகிறவரிடமே இன்னும் கொஞ்சம் கேட்பது என்று அர்த்தம்.

சரி, கஜானாவுக்கு எவ்வளவு வரும்? தாராளமாகவே வைத்துக்கொள்வோம், நாட்டில் தினமும் ஒரு கோடி மெசேஜ் ஆளுக்கு ஆள் அனுப்புகிறார்கள் என்று. ஒன்றுக்கு 25 சதம் என்றால் நாளைக்கு 25 இலட்சம் ரூபா, வருஷத்துக்கு ஏறக்குறைய 91 கோடி. பெரிய தொகை மாதிரித் தெரியும். ஆனால் 2024 இல் அரசாங்கத்தின் வருமானம் 4 இலட்சம் கோடி ரூபா அளவில் இருந்தது. பத்தாயிரம் ரூபா வைத்திருப்பவருக்கு இரண்டு ரூபா சொச்சம் கொடுத்த கணக்கு. அதுவும் வரி வந்த பிறகும் மக்கள் அதே அளவு மெசேஜ் அனுப்பினால்தான். அனுப்பமாட்டார்கள், முடிந்தவர்கள் எல்லாரும் வாட்ஸ்அப்புக்குப் போய்விடுவார்கள், முடியாதவர்கள் மிஸ்கோல் கொடுப்பார்கள். மிஸ்கோலுக்கு வரி போட இன்னும் யாரும் வழி கண்டுபிடிக்கவில்லை.

வெளிநாட்டுக்காரரும் இந்த யோசனையில் விழுந்து எழும்பியவர்கள்தான். 2006 இல் ஐரோப்பிய நாடாளுமன்றத்தின் பிரெஞ்சு உறுப்பினர் அலென் லமசூர், ஒரு எஸ்எம்எஸ்ஸுக்கு ஒன்றரை யூரோ சதம், ஒரு மின்னஞ்சலுக்கு 0.00001 சதம் என்று வரி போட்டு ஐரோப்பிய ஒன்றியத்துக்குக் காசு சேர்க்கலாம் என்றார், அது பேச்சோடு போய்விட்டது. ஹங்கேரி உண்மையாகவே போட்டது. 2012 ஜூலையிலிருந்து ஒரு நிமிஷப் பேச்சுக்கும் ஒரு மெசேஜுக்கும் 2 ஃபோரின்ட், ஆனால் தனி ஆட்களுக்கு மாசத்துக்கு இவ்வளவுக்கு மேல் இல்லை என்று ஓர் உச்சவரம்பும் வைத்தார்கள். 2014 இல் இணையத்துக்கும் நீட்டப் பார்த்தபோது சனம் தெருவில் இறங்க, கைவிட்டார்கள். லெபனானில் 2019 ஒக்டோபரில் வாட்ஸ்அப் அழைப்புக்கு நாளைக்கு 20 அமெரிக்க சதம் என்று சொன்ன அன்றைக்கே கலவரமாகி அன்றைக்கே வாபஸ் வாங்கினார்கள், ஆனாலும் இரண்டு வாரத்துக்குள் பிரதமர் பதவி விலக வேண்டியிருந்தது. அங்கே கோபத்துக்கு வேறு காரணங்கள் நிறைய இருந்தன, இது கடைசிக் குச்சி.

இனி நமக்கென்றே உள்ள ஒரு சிக்கலுக்கு வருகிறேன், தேத்தண்ணிக் கடைக் கணக்கில் இது வரவே வராது. ஒரு மெசேஜ் என்பது போன் கம்பனிக்கு 160 எழுத்து. அது ஆங்கில எழுத்துக்கு. தமிழிலோ சிங்களத்திலோ அடித்தால் 70 தான். அந்த எழுபதையும் நாம் எண்ணுகிற மாதிரி எண்ணாது. 'சம்பளம்' நமக்கு ஐந்து எழுத்து, போனுக்கு ஏழு, ஏனென்றால் இரண்டு புள்ளியையும் தனித்தனியாக எண்ணுகிறது. கொழும்பில் கடையில் நிற்கும் மகன் தோட்டத்துக்கு இப்படி ஒரு மெசேஜ் அனுப்புகிறான் என்று வைப்போம்: "அம்மா பத்தாந் திகதி சம்பளம் வந்ததும் ஐயாயிரம் அனுப்புறேன் தங்கச்சிக்கு சப்பாத்து வாங்குங்க". பத்தே பத்து வார்த்தை. இடைவெளியோடு எண்ணினால் போனுக்கு 90 எழுத்து, ஆக இரண்டு மெசேஜ், சப்பாத்து இரண்டாவதில் போய் விழுகிறது. இதையே ஆங்கில எழுத்தில் தமிழை அடித்து அனுப்பினால் ஒரே மெசேஜில் அடங்கிவிடும், நம் பிள்ளைகள் அப்படி அடிப்பதற்கு இதுவும் ஒரு காரணம். மெசேஜுக்கு இவ்வளவு என்று வரி வந்தால், ஒரே சேதியை ஆங்கிலத்தில் அனுப்புகிறவர் ஒரு பங்கும் தமிழில் அனுப்புகிறவர் இரண்டு பங்கும் கட்ட வேண்டி வரும். மொழிக்கு வரி என்று யாரும் சட்டத்தில் எழுதமாட்டார்கள், ஆனால் எழுதாமலே அது வந்து நிற்கும்.

டேட்டாவில் அனுப்ப வேண்டியதுதானே என்று கொழும்பில் இருந்து கேட்கலாம். எங்கள் பக்கம் லயத்துக்குள், அதாவது தோட்டத்து வரிசை வீடுகளுக்குள், ஒரு கோடு சிக்னல், மழை இறங்கிவிட்டால் அதுவும் போய்ப் போய் வரும். நெட் வேண்டுமென்றால் கோயில் மேட்டுக்கு ஏறிப் போக வேண்டும். அந்த ஒரு கோட்டில் வாட்ஸ்அப் சுற்றிக்கொண்டே இருக்கும், எஸ்எம்எஸ் எப்படியோ போய்ச் சேரும். மண்சரிவு பயத்தில் விழித்திருக்கும் ராத்திரியில் "நல்லா இருக்கோம்" என்று ஒரு சொல் போய்ச் சேருவது எவ்வளவு என்று அனுபவித்தவர்களுக்குத் தெரியும்.

ஆகவே மெசேஜுக்கு வரியே கூடாது என்கிறேனா? இல்லை. யார் அனுப்புகிற மெசேஜ் என்பதைப் பார்த்துப் போடலாம். 2018 ஆம் ஆண்டுக்கான வரவு செலவுத் திட்டத்தை 2017 நவம்பரில் வாசித்த நிதி அமைச்சர் மங்கள சமரவீர சொன்னது அதைத்தான். மொத்தமாக அனுப்பும் விளம்பர எஸ்எம்எஸ் ஒன்றுக்கு 25 சதம், அதை விளம்பரம் போடுகிறவரே கட்ட வேண்டும், போன் வைத்திருப்பவர் அல்ல. அதே 25 சதம்தான், ஆனால் சுமை இடம் மாறிவிடுகிறது. ஒரு இலட்சம் போனுக்குத் தள்ளுபடி விற்பனை என்று தட்டிவிடுகிற கடைக்கு 25,000 ரூபா. அவருக்கு அது விளம்பரச் செலவில் ஒரு துண்டு, கட்ட விருப்பமில்லாவிட்டால் நமக்கு விளம்பரம் குறையும், இரண்டில் எது நடந்தாலும் நமக்கு நட்டம் இல்லை. வங்கி அனுப்பும் ஓடிபியையும் அனர்த்த எச்சரிக்கையையும் அஸ்வெசும என்ற அரச உதவிப் பணம் மாதிரி விஷயங்களுக்கான அரச அறிவித்தலையும் இதில் சேர்க்காமல் பிரித்து எழுத வேண்டும், இல்லாவிட்டால் வங்கிக்காரர் அதைச் சேவைக் கட்டணம் என்று நம் தலையிலேயே கட்டிவிடுவார். இதிலும் கஜானா நிரம்பப் போவதில்லை. வருவது சில்லறைதான், ஆனால் சரியான பொக்கெட்டிலிருந்து வருகிற சில்லறை.

அந்தப் பெரியம்மா ஒருநாள் போனைக் கொண்டுவந்து, மெசேஜ் பெட்டி நிரம்பிவிட்டது, புதிதாக ஒன்றும் வரமாட்டேன் என்கிறது, அழித்துக் கொடு தம்பி என்றார். திறந்து பார்த்தால் எல்லாம் ஆங்கிலத்தில் வந்த விளம்பரம், வீடு வாங்கு, கார் லீசிங் எடு, ஹோட்டலில் பஃபே சாப்பிடு. ஒன்றைக்கூட அவர் வாசித்திருக்கமாட்டார். அனுப்பிய பெட்டியில் இரண்டே இரண்டு இருந்தது, பேரப்பிள்ளை அடித்துக் கொடுத்தது போல, இரண்டும் மகனுக்கு. அந்த இரண்டை விட்டுவிட்டு மற்றதை அழித்துக் கொடுத்தேன்.