இணைய ஏலத்தில் மயக்கும் விவரங்கள்: வாங்குபவரின் உரிமையும் பொறுப்பும்

ஓர் ஏலப் பதிவை இப்படி நினைத்துப் பாருங்கள். தலைப்பில் விலையுயர்ந்த செல்போன் ஒன்றின் பெயரும் மாடலும், பக்கத்திலேயே "ஒரிஜினல், புத்தம் புதியது" என்ற சொற்களும் இருக்கின்றன. நான்கு படங்களில் மூன்றில் போன் பளபளக்கிறது. விவரப் பகுதியில் திரையின் அளவு, கேமரா, பேட்டரி என்று பத்து வரிகள் ஓடுகின்றன. பதினோராவது வரியில் மட்டும், "இந்த ஏலம் படத்தில் உள்ள பெட்டிக்கு உரியது" என்று ஒரே ஒரு வாக்கியம் வருகிறது. ஏலம் முடிய இரண்டு நிமிடம் இருக்கும்போது அவசரமாகப் பார்ப்பவர் அந்த வரிவரை போகமாட்டார் என்பது எழுதியவருக்கு நன்றாகவே தெரியும்.

வெறும் பெட்டி வீட்டுக்கு வந்து சேர்ந்த பிறகு, "நான் பொய் சொல்லவில்லையே, எழுதித்தானே வைத்திருந்தேன்" என்று விற்றவர் கைவிரித்தால் சட்டம் யார் பக்கம் நிற்கும் என்ற கேள்விக்கு ஒரே சட்டத்தில் விடை கிடையாது. 1872ஆம் ஆண்டின் இந்திய ஒப்பந்தச் சட்டம், 1930ஆம் ஆண்டின் சரக்கு விற்பனைச் சட்டம், 2019ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், அதன் கீழ் 2020 ஜூலையில் வந்த மின்வணிக விதிகள் ஆகிய நான்கையும் சேர்த்துப் படித்தால்தான் தெளிவு பிறக்கும். இவற்றில் மிகப் பழையதிலிருந்தே தொடங்க வேண்டும். ஏனென்றால் வாங்குபவரின் பொறுப்பு என்ன என்பதை அதுதான் ஒளிவுமறைவின்றிச் சொல்கிறது.

ஒப்பந்தச் சட்டத்தின் 17ஆம் பிரிவு மோசடி என்றால் என்ன என்று வரையறுத்துவிட்டு, விளக்கத்துக்கு ஒரு குதிரையைக் கொண்டுவருகிறது. ஒருவர் தம் குதிரையை ஏலத்தில் விற்கிறார். அதற்கு நோய் இருப்பது அவருக்குத் தெரியும். வாங்குபவரிடம் அதைப் பற்றி வாயே திறக்கவில்லை. இது மோசடி ஆகாது என்கிறது சட்டம். வாங்குபவர் அப்போதுதான் வயதுக்கு வந்த அவருடைய சொந்த மகளாக இருந்தால், அந்த உறவின் காரணமாகச் சொல்லும் கடமை தந்தைக்கு உண்டு. மூன்றாவது உதாரணம்தான் நமக்கு முக்கியமானது: வாங்குபவர், "நீங்கள் மறுக்காவிட்டால் குதிரைக்குக் குறை ஏதும் இல்லை என்று எடுத்துக்கொள்வேன்" என்று சொல்கிறார், விற்பவர் பேசாமல் இருக்கிறார். இப்போது அந்த மௌனம் பேச்சுக்குச் சமம்.

நூற்றைம்பது ஆண்டுக்கு முந்தைய இந்தக் குதிரை இன்றைய இணைய ஏலத்துக்கு இவ்வளவு கச்சிதமாகப் பொருந்துவது வியப்புதான். கேட்காத கேள்விக்கு விற்பவர் பதில் சொல்லக் கடமைப்பட்டவர் அல்லர். கேட்டுவிட்டால் நிலைமை மாறிவிடும். பெரும்பாலான ஏலத் தளங்களில் ஏலம் கேட்பதற்கு முன் விற்பவருக்குச் செய்தி அனுப்பும் வசதி இருக்கிறது. "பெட்டியோடு போனும் சேர்த்துத்தான் விற்கிறீர்களா? போன் இயங்கும் நிலையில் உள்ளதா? இதுவரை பழுதுபார்க்கப்பட்டதா? மறுக்காவிட்டால் போனும் சேரும், குறை ஏதும் இல்லை என்று கருதி ஏலம் கேட்பேன்" என்று நான்கு வாக்கியம் அங்கே எழுதி அனுப்புவதற்கு ஒரு நிமிடம்கூட ஆகாது. மழுப்பலான பதில் வந்தால் விலகிக்கொள்ளலாம். தெளிவான பொய் வந்தால் அது எழுத்துவடிவச் சாட்சியாக உங்கள் கையில் இருக்கும்.

இதற்கு அடுத்தபடியாகப் பார்க்க வேண்டியது அதே சட்டத்தின் 19ஆம் பிரிவு. மோசடியாலோ தவறான தகவலாலோ சம்மதம் பெறப்பட்டிருந்தால், ஏமாந்தவர் ஒப்பந்தத்தை ரத்து செய்யலாம். ஆனால் இதற்கு ஒரு விதிவிலக்கு உண்டு: தவறான தகவலாலோ மோசடியான மௌனத்தாலோ சம்மதம் கிடைத்திருந்து, சாதாரண கவனத்தோடு பார்த்திருந்தால் உண்மையைக் கண்டுபிடித்திருக்க முடியும் என்ற நிலை இருந்தால், ரத்து செய்யும் உரிமை கிடையாது. பதினோராவது வரியை எழுதிவைத்தவர் பிடித்துக்கொள்ளப் பார்ப்பது இந்த விதிவிலக்கைத்தான். அறிந்தே சொன்ன பொய்க்கு இந்த விதிவிலக்கு பொருந்தாது. ஏமாற்றும் தன்மை கொண்ட வேறு எந்தச் செயலும் மோசடிதான் என்று 17ஆம் பிரிவே சொல்வதால், தலைப்பும் படங்களும் விவரமும் சேர்ந்து ஏமாற்றவே வடிவமைக்கப்பட்டவை என்று வாதாட இடமிருக்கிறது. என் கணிப்பில் அது வலுவான வாதம். ஆனாலும் வழக்காடி வெல்வதைவிடக் கடைசி வரிவரை படித்துவிடுவது எளிது.

ஒப்பந்தச் சட்டம் இப்படி வாங்குபவரின் தோளில் சற்றே பாரம் வைக்க, சரக்கு விற்பனைச் சட்டம் விற்பவர் பக்கம் திரும்புகிறது. இங்கிலாந்தின் 1893ஆம் ஆண்டுச் சட்டத்தை அடியொற்றியது இது. இலங்கையின் 1896ஆம் ஆண்டுச் சட்டமும் மலேசியாவின் 1957ஆம் ஆண்டுச் சட்டமும் அதே மரத்தின் கிளைகள் என்பதால் அங்குள்ள வாசகர்களுக்கும் இதன் அடிப்படை அந்நியமாக இராது. 15ஆம் பிரிவின்படி, ஒரு பொருளை விவரித்து விற்றால் அந்த விவரத்துக்குப் பொருள் ஒத்திருக்க வேண்டும் என்ற நிபந்தனை, யாரும் எழுதாமலேயே ஒப்பந்தத்தில் அடங்கியிருக்கிறது. நேரில் பார்க்காமல் வாங்கும் இணைய ஏலத்தில் விவரத்தைத் தவிர வாங்குபவருக்கு வேறு ஆதாரமே இல்லை. ஆகவே இங்கே இந்தப் பிரிவுக்கு எடை அதிகம்.

எந்தச் சொல் விவரம், எந்தச் சொல் வெறும் புகழ்ச்சி என்பதைப் பிரித்துப் பார்க்கப் பழக வேண்டும். "அருமையான நிலையில் உள்ளது" என்பது விற்பவரின் அபிப்பிராயம். அதை வைத்து வழக்காடுவது கடினம். "திரையில் கீறல் இல்லை", "2021இல் வாங்கியது" என்பவை சரிபார்க்கக்கூடிய கூற்றுகள். புகழ்ச்சி நிரம்பிய, சரிபார்க்கக்கூடிய கூற்று ஒன்றுகூட இல்லாத பதிவைக் கண்டால், எழுதியவர் சொற்களை எண்ணித்தான் போட்டிருக்கிறார் என்று சந்தேகிக்கலாம்.

பொருளின் தரத்தைப் பொறுத்தவரை 16ஆம் பிரிவு கறாரானது. தரத்துக்கு விற்பவர் பொறுப்பல்ல என்பதே பொது விதி. அந்த வகைப் பொருளை வழக்கமாக விற்கும் வணிகரிடம் விவரத்தை நம்பி வாங்கும்போதுதான், பொருள் விற்பனைக்கு ஏற்ற தரத்தில் இருக்க வேண்டும் என்ற நிபந்தனை பிறக்கிறது. வாங்குபவர் பொருளை நேரில் சோதித்திருந்தால், அந்தச் சோதனையில் கண்ணில் பட்டிருக்க வேண்டிய குறைகளுக்கு இந்தப் பாதுகாப்பும் இல்லை. "உள்ளது உள்ளபடியே" என்று விற்பவர் போடும் வரிக்கும் சட்டத்தில் இடம் உண்டு. 62ஆம் பிரிவு இத்தகைய நிபந்தனைகளை ஒப்பந்தத்தின் மூலம் விலக்கிக்கொள்ள அனுமதிக்கிறது. தெரிந்தே சொன்ன பொய்யை மட்டும் அந்த வரி காப்பாற்றாது.

ஆகவே விற்பவர் யார் என்பது ஏலம் கேட்பதற்கு முன் தெரிந்துகொள்ள வேண்டிய விஷயமாகிறது. தம் பழைய பொருளை எப்போதாவது ஒருமுறை விற்கும் தனிநபருக்கு மின்வணிக விதிகள் பொருந்துவதில்லை. சரக்கு விற்பனைச் சட்டமும் ஒப்பந்தச் சட்டமுமே முக்கியமாக அவரைக் கட்டுப்படுத்தும். தொடர்ந்து தொழிலாக விற்பவர் என்றால் நிலைமை வேறு. பொருளின் விவரமும் படங்களும் பொருளின் தோற்றம், தன்மை, தரம் ஆகியவற்றோடு நேரடியாக ஒத்திருக்கும் என்ற உறுதிமொழியை விற்பவர்களிடமிருந்து தளம் பெற வேண்டும் என்கின்றன விதிகள். படங்களையும் பெயர் சொல்லிச் சேர்த்திருப்பதைக் கவனியுங்கள். பெட்டியை விற்கப் போனின் படத்தைப் போடுபவர் இங்கேயே இடறுகிறார். விளம்பரப்படுத்திய தன்மை பொருளில் இல்லையென்றால் திரும்ப எடுத்துக்கொள்ளவோ பணத்தைத் திருப்பித் தரவோ விற்பவர் மறுக்கக் கூடாது. விற்பவரின் முகவரி முதலிய விவரங்களை, வாங்கியவர் எழுத்தில் கேட்டால் தளம் தர வேண்டும்.

ஏலம் கேட்பதற்கென்றே உள்ள விதி சரக்கு விற்பனைச் சட்டத்தின் 64ஆம் பிரிவு. சுத்தியல் விழும்போது, அல்லது வழக்கமான வேறு முறையில் அறிவிக்கப்படும்போது விற்பனை முடிகிறது. அதுவரை கேட்ட தொகையை விலக்கிக்கொள்ளலாம். ஆனால் பல தளங்களின் ஏல நிபந்தனைகள் இந்த உரிமையைக் குறுக்கிவிடுவதால் அவற்றை முன்கூட்டியே படித்தாக வேண்டும். ஏலம் முடிந்த பிறகு மனம் மாறினால் சட்டம் உதவாது. விற்பவர் தாமே ஏலம் கேட்கும் உரிமையை முன்கூட்டி வெளிப்படையாக அறிவித்திருந்தால் ஒழிய, தாமோ தம் ஆளோ கேட்கக் கூடாது. விலையை ஏற்றப் போலியாகக் கேட்க வைத்திருந்தால், விற்பனையை ரத்து செய்யும் உரிமை வாங்கியவருக்கு உண்டு. ஒரே விற்பவரின் ஏலங்களில் மட்டும் வந்து, எப்போதும் கடைசிக்கு முன்பே நின்றுவிடும் கணக்கு ஒன்று கண்ணில் பட்டால், அந்தப் பக்கத்தைப் படம் பிடித்து வைத்துக்கொள்ளுங்கள்.

கடனைக் கட்டாதவர்கள் ஈடாக வைத்த சொத்தை விற்க வங்கிகள் நடத்தும் ஏலங்களில் வாங்குபவரின் பொறுப்பு இன்னும் கனமானது. ஏல அறிவிப்பில் சொத்தின் விவரத்தோடு வங்கிக்குத் தெரிந்த வில்லங்கங்களையும் குறிப்பிட வேண்டும் என்று 2002ஆம் ஆண்டின் பிணைய நலன் அமலாக்க விதிகள் கூறுகின்றன. "வங்கிக்குத் தெரிந்த" என்ற சொற்றொடரில்தான் சூட்சுமம் இருக்கிறது. தெரியாததை வாங்குபவரே வில்லங்கச் சான்றிதழ் எடுத்து, சொத்தை நேரில் பார்த்து, வரி பாக்கி விசாரித்துக் கண்டுபிடிக்க வேண்டும். ஏலம் உறுதியான அன்றோ மறுவேலை நாளுக்குள்ளோ, முன்வைப்புத் தொகையையும் சேர்த்து 25 சதவீதம் கட்ட வேண்டும். மீதியை விற்பனை உறுதிசெய்யப்பட்ட 15 நாளுக்குள், அல்லது எழுத்தில் ஒப்புக்கொண்டு நீட்டித்த காலத்துக்குள் கட்டாவிட்டால் அந்த 25 சதவீதமும் பறிபோகும். அப்படி 25 சதவீதம் முழுவதும் பறிமுதலானதை 2024 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் சரியென்றே தீர்ப்பளித்தது. அரசு அமைப்பு நடத்தும் பொது ஏலத்தில் இருக்கும் நிலையிலேயே மனையை எடுத்தவர், முன்கூட்டிப் பார்த்துக் கேட்கும் வாய்ப்பு உள்ளவர் என்பதால், வசதிகள் இல்லை என்று பின்னர் நுகர்வோராக முறையிட முடியாது என்று 2009இல் சண்டிகர் நிர்வாகம் தொடர்பான வழக்கில் அதே நீதிமன்றம் கூறியிருக்கிறது.

சாதாரணப் பொருளுக்குத் திரும்புவோம். பார்சல் வந்தவுடன் செய்ய வேண்டியது, உறையில் உள்ள முகவரிச் சீட்டு தெரியும்படி, வெட்டாத ஒரே வீடியோவாக எடுத்துக்கொண்டே பிரிப்பது. பொருளைச் சோதித்துப் பார்க்க நியாயமான வாய்ப்பு வாங்கியவருக்கு உண்டு என்கிறது சரக்கு விற்பனைச் சட்டத்தின் 41ஆம் பிரிவு. ஆனால் மறுப்பைத் தெரிவிக்காமல் நியாயமான காலத்துக்கு மேல் வைத்துக்கொண்டால் ஏற்றுக்கொண்டதாகவே பொருள் என்கிறது 42ஆம் பிரிவு. அப்படி ஏற்றுக்கொண்டுவிட்டால், பொதுவாகப் பொருளை நிராகரிக்கும் உரிமை போய், நஷ்டஈடு கேட்கும் உரிமை மட்டும் மிஞ்சும். பலருக்குத் தெரியாத ஒன்று 43ஆம் பிரிவில் இருக்கிறது: நியாயமாக நிராகரித்த பொருளைத் திருப்பி அனுப்பும் கடமை, வேறு ஒப்பந்தம் இல்லாத பட்சத்தில், வாங்கியவருக்கு இல்லை, ஏற்க மறுப்பதைத் தெரிவித்தால் போதும். கூரியர் செலவை உங்கள் தலையில் கட்டப் பார்க்கும் விற்பவரிடம் இதை எடுத்துச் சொல்லலாம்.

முதல் புகார் தளத்தின் குறைதீர் அலுவலரிடம் போக வேண்டும். 48 மணி நேரத்துக்குள் ஒப்புகையும், ஒரு மாதத்துக்குள் தீர்வும் தர வேண்டியது அவர் கடமை. பயனில்லை என்றால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915 இருக்கிறது. அதற்கும் அப்பால் மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையம். நீங்கள் வசிக்கும் இடத்திலோ வேலை செய்யும் இடத்திலோ உள்ள ஆணையத்திலேயே, பிரச்சினை எழுந்த நாளிலிருந்து இரண்டு ஆண்டுக்குள் மனு கொடுக்கலாம். கொடுத்த விலை 5 லட்சம் ரூபாய் வரை என்றால் கட்டணமே இல்லை. மறுவிற்பனைக்காக வாங்கியவர் நுகர்வோர் ஆகமாட்டார் என்பதால் அவருக்கு உரிமையியல் நீதிமன்றமே வழி. மனுவோடு பதிவின் முழுப் பக்கப் படம், விற்பவருக்கு நீங்கள் அனுப்பிய கேள்விகள், அவருடைய பதில், பணம் கட்டிய ரசீது, பிரித்த வீடியோ ஆகியவை இருக்க வேண்டும். விற்பவர் பதிவை மாற்றிவிடவோ நீக்கிவிடவோ கூடும் என்பதால், பக்கத்தின் படத்தை ஏலம் கேட்பதற்கு முன்பே எடுத்துவைக்க வேண்டும்.

பணம் போய்ப் பொருளே வராமல், விற்பவரின் கணக்கும் காணாமல் போயிருந்தால் அது வேறு கதை. தளத்துக்கு வெளியே பணம் அனுப்பச் சொன்னவர்களிடம் இது அடிக்கடி நடக்கிறது. அப்படி அனுப்பியவர்களுக்குத் தளம் தரும் பாதுகாப்பும் பெரும்பாலும் கிடைப்பதில்லை. அந்த நிலையில் நுகர்வோர் ஆணையத்துக்காகக் காத்திராமல் உடனே 1930 என்ற இணையக் குற்ற உதவி எண்ணை அழைத்து, வங்கிக்கும் தெரிவித்து, பணம் அடுத்த கணக்குக்கு நகர்வதற்குள் முடக்கச் சொல்ல வேண்டும்.